விறைப்பு என்றுதான் சொன்னேன்

டாக்டரே, நீங்கள் என் வீட்டுக்காரருடைய கையைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டு, நடிக்கிறான் என்று முடிவு கட்டினீர்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. எட்டாவது வரை படித்தவள் நான். பதினைந்து வருஷம் கொழுந்து கிள்ளினேன், அதற்கப்புறம் போடியில் ஏலக்காய் பொறுக்கினேன். எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

சின்னக்கானலுக்குப் பக்கத்தில் எங்கள் எஸ்டேட். பெயர் எதற்கு? உங்களுக்குத் தெரியும். எங்கள் லயம் ஒரு சரிவில் இருந்தது. எட்டு வீடு, ஒரே கூரை, ஒரு தண்ணீர்க் குழாய். சாயங்காலம் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வரும். முதலில் தேயிலை காணாமல் போகும், பிறகு பாதை, பிறகு குழாய். பேக்டரி விட்டு வருகிற ஆம்பிளைகள் அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொருவராக முளைத்து வருவார்கள். முகம் தெரியாது. நடையை வைத்துத்தான் இது யார் வீட்டு ஆள் என்று சொல்வோம். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் அகலமாக வீசி நடப்பார். அவர் வருவது எனக்கு எல்லாரையும் விட முதலில் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், பனிக்குள்ளிருந்து ஓர் ஆள் வந்தார். ஒரு கை வீசுகிறது. மறு கை எதையோ இடுக்கிக்கொண்டு வருவது போல உடம்போடு ஒட்டி நிற்கிறது. வேற யாரோ விருந்தாளி என்று நினைத்து நான் உள்ளே போய்விட்டேன். வாசலில் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது அவர்தான் என்று. கையில் ஒன்றும் இல்லை.

"என்னத்த இடுக்கிட்டு வாரீக?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லையே. ஏன்?"

அவருக்கே தெரியவில்லை. அந்த நாளை நினைத்தால் இப்போதும் கனவு மாதிரிதான் இருக்கிறது. என் புருஷன் மாதிரியே ஓர் ஆள் பனியிலிருந்து வந்தார், என் வீட்டுக்குள் நுழைந்தார், அன்றிலிருந்து அவர்தான் இருந்தார். பழைய ஆள் பின்னாலேயே வருவார் என்று நான் ரொம்ப நாள் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எல்லாம் மெதுவாகியது. சட்டைப் பொத்தான் போட நேரமாகும். சோற்றை உருட்டிய கை வாய்க்குப் போகிற வழியில் நின்று யோசிக்கும். வாசற்படி வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து லேசாகத் தள்ளினால் ஓடுவார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஆனால் ஆள் கேலிக்காரர், கேலி போகவில்லை. முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டு கேலி பேசுவார். கேட்கிறவர்களுக்கு இது கேலியா கோபமா என்று புரியாது. பக்கத்து வீட்டு மதினி ஒரு நாள் வந்து, "ஒன் வீட்டுக்காரருக்கு இப்பம்லாம் ரொம்பத் திமிரு. சிரிச்சா பதிலுக்குச் சிரிக்க மாட்டேங்காரு" என்று சண்டை போட்டுவிட்டுப் போனாள்.

கையை மடக்கினால் மடங்காது. குளிர்காலத்தில் அந்த மலையில் எல்லாருக்கும்தான் கை விறைக்கும். அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் தேய், வெந்நீர் ஊற்று, அடுப்பங்கரையில் உட்கார வை என்றார்கள். எல்லாம் செய்தேன். மதிய வெயிலில், வேர்க்கிற நேரத்திலும் அவருக்கு விறைத்தது.

பேக்டரியில் அவருக்கு உருட்டு மெஷினில் வேலை. வாட்டிய கொழுந்தை அள்ளிப் போட வேண்டும், நேரம் பார்த்து எடுக்க வேண்டும். அதற்காகவே ஒரு கைக்கடிகாரம் வைத்திருந்தார். நேரம் பார்க்கத் தெரிந்த ஆளுக்குக் கை பின்தங்கிவிட்டது. பேக்டரி ஆபீசர் இரண்டு மாதம் கத்தினார். பிறகு கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: எஸ்டேட் டாக்டரிடம் போ. உனக்கு நோய் என்று அவர் எழுதிக் கொடுத்தால் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் காவல் வேலை தருகிறேன், வீட்டிலும் இருக்கலாம். எழுதிக் கொடுக்காவிட்டால் இதே மெஷினில் நிற்க வேண்டும். நிற்க முடியாவிட்டால் பெயரை வெட்டுவேன், வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

லயத்து வீடு பேக்டரி ஆளான அவர் பெயரில் இருந்தது. நான் தற்காலிகப் பதிவில் இருந்தவள். எனவே எங்கள் அடுப்பு, கதவு, கூரை எல்லாம் நீங்கள் எழுதப்போகிற ஒரு சொல்லில் தொங்கியது. இது உங்களுக்கும் தெரியும்.

முதல் தடவை வந்தபோது என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு இருக்காது. நான் சொல்கிறேன்.

"எந்தா அசுகம்?" என்று மலையாளத்தில் கேட்டீர்கள்.

அவர் வாய் திறக்க நேரமாகும் என்பதால் நான் முந்திக்கொண்டேன். "கை காலெல்லாம் ஒரே விறைப்புங்கய்யா. எந்நேரமும் விறைக்கி."

"விறயலோ? கை நீட்டு."

நீட்டினார். மரக்கிளை மாதிரி நீண்டு நின்றது கை. ஓர் இலைகூட அசையாது அந்தக் கிளையில்.

"இதில் எவிடெயா விறயல்?" கம்பவுண்டரைப் பார்த்துச் சிரித்தீர்கள். "இது பணி செய்யான் மடி. பொய்க்கோ."

அவ்வளவுதான். வேலை செய்யச் சோம்பல், போ என்று விரட்டிவிட்டீர்கள்; நாங்கள் வெளியே வந்தோம். நீங்கள் சிரித்தது எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை. விறைப்பு என்றேன், விறைத்துத்தானே நின்றது கை? கண் முன்னால்தானே நின்றது?

ஒரு வாரம் கழித்துத்தான் விளங்கியது. வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைமடுவத்து ஆயா கோட்டயத்துப் பக்கத்துக்காரி. அவளிடம் புலம்பினேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "என்டெ பொன்னு அக்கா, எங்கள் விறயல் உங்கள் நடுக்கமாக்கும்! நீ நடுங்குதுன்னு பறஞ்சிருக்கே. டாக்டர் நடுக்கத்தெ நோக்கி, கண்டில்ல."

உங்கள் மொழியில் ஆடுவது எங்கள் மொழியில் அசையாமல் நிற்பது. ஒரே சொல். நான் கல்லென்று சொன்னேன், உங்கள் காதில் அது இலை என்று விழுந்தது. அதுவரை என் மேலும் தப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த நாளே ஓடி வந்து சொன்னேனே? "நடுக்கம் இல்லைங்கய்யா, நான் சொன்னது மடங்காம நிக்கிறது" என்று. நீங்கள் என்ன சொன்னீர்கள்? அன்று ஒன்று சொன்னாய், இன்று ஒன்று சொல்கிறாய், வாக்கு மாறினால் பொய். அந்தக் கையை ஒரு தடவை பிடித்து மடக்கிப் பார்த்திருந்தால் மொழியே வேண்டியிருந்திருக்காது.

மதுரைக்குக் கூட்டிப்போனேன். பூப்பாறை, போடிமெட்டு, கீழே இறங்க இறங்கக் காது அடைத்துக்கொண்டது. வளைவுக்கு வளைவு வெயில் கூடியது. அவர் ஜன்னல் பக்கம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மலைதான் அவரைச் சுற்றிச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தது போல எனக்குத் தோன்றியது. பாதிப் பயணம் நான் விழித்திருந்தேனா தூங்கினேனா என்றே தெரியாது.

அங்கே இருந்தவர் வயசான டாக்டர். அவர் நோய் என்ன என்று கேட்கவில்லை. நாங்கள் உள்ளே நுழைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து என் வீட்டுக்காரர் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் மடக்கினார். "நீங்களும் பிடிச்சுப் பாருங்கம்மா" என்று என் கையில் கொடுத்தார். பிடித்தேன். கை ஒரே சீராக மடங்கவில்லை. கடக், கடக், கடக் என்று பல்லுப் பல்லாக விட்டுக் கொடுத்தது. உருட்டு மெஷின் சக்கரத்தைக் கையால் தள்ளினால் இப்படித்தான் வரும்.

"இது நடுக்குவாதம். நடுக்கம் இல்லாமலும் இந்த நோய் வரும்மா" என்றார் அவர். "விறைப்பு மட்டும் முன்னால வரும். அசைவு சின்னதாகும்."

பிறகு ஒரு நிறுத்துக் கடிகாரத்தை எடுத்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னார், எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு. நாங்கள் பெண்கள் நாள் முழுக்கச் செய்கிற வேலை அது, கொழுந்து கிள்ளுவது. என் வீட்டுக்காரர் முதல் நாலு தட்டு நன்றாகத் தட்டினார். பிறகு விரல் திறக்கிற அகலம் சுருங்கிச் சுருங்கி, விரல் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நடக்கவிட்டு அடியை எண்ணினார். காகிதத்தில் பெயரை எழுதச் சொன்னார். முதல் எழுத்து பெரிதாக இருந்தது, கடைசி எழுத்து எறும்பளவு. "ஒரு முறுக்குப் போடுங்க பாப்போம், நடுவுல இருந்து சுத்திச் சுத்தி" என்றார்.

என் ஆள் சுவர் முகத்தோடு, "வரைய மட்டுந்தானாய்யா, திங்கத் தர மாட்டீகளா?" என்றார்.

டாக்டர் சிரித்தார். அந்த முகத்துக்குள் இருந்த கேலியைக் கண்டுபிடித்த முதல் வெளி ஆள் அவர்தான்.

மாத்திரை கொடுத்தார். சீட்டும் கொடுத்தார். ஆனால் என்னிடம் தனியாக ஒன்று சொன்னார்: "ஒரு தடவை பார்த்து இந்த நோயை எடை போட முடியாதும்மா. மணிக்கு ஒரு மாதிரி இருக்கும். வீட்ல தினமும் பாருங்க. மாத்திரைக்கு முன்ன ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை. ஒரே மாதிரி பாருங்க. கண்ணுக்குத் தோணுறதை எழுதாதீங்க, எண்ணி எழுதுங்க."

சீட்டை உங்களுக்குக் கொடுத்தனுப்பினேன். வெளி மாநிலத்துச் சீட்டு செல்லாது, ஆளை நானே பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினீர்கள். சரி, வருகிறோம், ஆனால் எண்ணிக்கையோடு வருகிறோம் என்று நான் முடிவு பண்ணினேன்.

அந்த ஆறு வாரங்கள் என் வாழ்க்கையில் வேறெங்கோ நடந்தவை மாதிரி இருக்கின்றன. விடிகாலையில், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகும் முன் அவருடைய கடிகாரத்தை என் உள்ளங்கையில் வைத்துக்கொள்வேன். சமையலறையில் அடுப்பு வெளிச்சம். வெளியே கதவைத் திறந்தால் வெள்ளை. மலை, ரோடு, எஸ்டேட் எதுவும் இல்லை. அவர் ஒரு பலகையில் உட்கார்ந்து விரலைத் தூக்குவார். நொடி முள் நகரும். அவர் தட்டுவார். நான் எண்ணுவேன். அரை நிமிஷம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் ஓர் ஊருக்குப் போய்த் திரும்பலாம். என் மூச்சும் அவர் விரலுக்கு ஏற்றபடி மெதுவாகிவிடும். அடுப்பில் உலை கொதிப்பதுகூட எங்கோ தூரத்தில் கேட்கும்.

"எத்தனைட்டி?" என்பார்.

"முப்பது."

"நீ எத்தனை?"

"நூத்திப் பத்து."

"ஒனக்கு வேற வேலை என்ன, அதான தொழில்" என்பார். முகம் அசையாது. நான் சிரித்து எண்ணிக்கையைத் தவற விடுவேன். மறுபடி முதலிலிருந்து.

மாத்திரை உள்ளே போய் முக்கால் மணி நேரத்தில் அவர் வருவார். அப்படித்தான் சொல்ல முடியும். யாரோ உள்ளே விளக்கு ஏற்றுவது போலக் கண் முதலில் தெளியும். தோள் இறங்கும். விரல் அகலமாகத் திறக்கும். எழுபத்தைந்து. ஐந்து பொத்தான் போட மாத்திரைக்கு முன் நாலு நிமிஷம், பின் ஒன்றரை. குழாயடியிலிருந்து கடைசி வீட்டு வாசல் வரை முன் அறுபத்தோரு காலடி, பின் முப்பத்தெட்டு. நேரே நடந்து வருவார், கை வீசி. நான் பாதையில் பார்த்துக்கொண்டிருந்த பழைய ஆள். இரண்டரை மணி நேரம் இருப்பார். பிறகு தண்ணீர் வற்றுவது போலக் குறைந்து குறைந்து, மறுபடி கல்.

ஒரு நாளில் இரண்டு புருஷன்களோடு வாழ்ந்தேன். இருவரையும் ஒரு நோட்டில் எண்ணி எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பகலுக்கு மேலும் எழுதினேன். பக்கத்து மதினி, "என்னத்தட்டி எழுதுத, காதல் கடுதாசியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அவரைக் கூட்டிக்கொண்டு இரண்டாவது தடவை உங்களிடம் வந்தேன். உங்கள் டிஸ்பென்சரி பத்து மணிக்குத் திறக்கும், பன்னிரண்டுக்கு மூடும். எங்கள் லயத்திலிருந்து ஒரு மைல். ஏறி இறங்குகிற பாதை. ஒன்பது மணிக்கு மாத்திரை கொடுத்தேன். கொடுக்காமல் எப்படிக் கூட்டி வருவது? மாத்திரை இல்லாவிட்டால் அந்த ஒரு மைலை அவர் நடக்க மாட்டார். தூக்கி வர எங்களிடம் வண்டியா இருந்தது? நோயாளி என்று காட்ட வேண்டுமானால் உங்களிடம் வர வேண்டும். உங்களிடம் வர வேண்டுமானால் மாத்திரை வேண்டும். மாத்திரை சாப்பிட்டால் நோயாளி மாதிரி இருக்க மாட்டார். பாதையில் பாதி வந்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. அவர் முன்னால் கையை வீசிப் போய்க்கொண்டிருந்தார். மூட்டம் விலகி வெயில் வந்திருந்தது. தேயிலை பளபளத்தது. அவ்வளவு அழகான நடையை நான் அதற்கு முன் வெறுத்ததில்லை.

நீங்கள் பார்த்தீர்கள். எழுந்து நின்றார், உட்கார்ந்தார், உங்கள் முன்னால் பொத்தானைக் கழற்றிப் போட்டார்.

"ஆளுக்கு ஒரு குழப்பவும் இல்லல்லோ" என்றீர்கள்.

நான் நோட்டை மேசையில் வைத்தேன். "பன்னெண்டரைக்கு மேல பாருங்கய்யா. மாத்திரை இறங்கிரும். ரெண்டு நேரமும் பாத்துட்டு எழுதுங்க."

நோட்டைத் திறந்தீர்கள். ஒரு பக்கம். மூடினீர்கள். "நீயா டாக்டர்?" என்றீர்கள். "கொழுந்து கிள்ளுற ஆளு எண்ணியதொக்கெ ஞான் கையொப்பிடணோ?"

"எண்ணத் தெரியும்ங்கய்யா எனக்கு. வேணும்னா நீங்களே எண்ணிப் பாருங்க. அரை நிமிசந்தான்."

எண்ணவில்லை. சீட்டில் ஒரு சொல் எழுதினீர்கள்: ஃபிட்.

நாங்கள் போகவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். நீங்கள் வெளியே வரும்போது பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். பன்னிரண்டுக்கு ஜீப் வந்தது. அப்போது இன்னும் மிச்சம் இருந்தது அவரிடம். நீங்கள் ஏறும்போது மரியாதைக்கு எழுந்து நின்றார், பாவி. எழுந்தே நின்றார்! நீங்கள் தலையாட்டிவிட்டுப் போனீர்கள்.

அரை மணி நேரம். தோட்டத்தில் யாரும் இல்லை. மறுபடி பள்ளத்திலிருந்து பனி வந்து வராந்தாவின் முதல் படியில் ஏறியது, பிறகு இரண்டாவது. அவர் பெஞ்சில் இருந்தபடியே போய்க்கொண்டிருந்தார். கை முதலில் போனது, பிறகு தோள், பிறகு கண். "எந்திரிங்க, போவோம்" என்றேன். வாய் அசைந்தது. குரல் காற்றாக வந்தது. முடியலட்டி.

கடிகாரத்தை எடுத்தேன். உங்கள் வாசலில், உங்கள் பெஞ்சில் வைத்து எண்ணினேன். அரை நிமிஷத்தில் இருபத்தொன்று. அதையும் நேரம் போட்டு எழுதினேன். கம்பவுண்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டார். வைத்திருந்த அடுத்த மாத்திரையைக் கொடுத்து, அது ஏறுகிற வரை அந்தப் பனிக்குள் என் ஆள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை நேரம் என்று எழுதவில்லை. அது ஒன்றைத்தான் நான் எண்ணவில்லை.

மறுநாள் பெரட்டில், நூறு பேர் முன்னால், உங்கள் சீட்டைக் கங்காணி சத்தமாகப் படித்தார். "ஃபிட்டாம்! டாக்டர் எழுதியிருக்காரு. இனி நாடகம் வேணாம்." சிலர் சிரித்தார்கள். மெஷினுக்குப் போனார். பத்து மணிக்கு நன்றாக நின்றார், ஒரு மணிக்குக் கல்லாக நின்றார். இருபது நாளில் பெயரை வெட்டினார்கள். அடுத்த மாதம் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு போடி பஸ் ஏறினோம். போடியில் ஒன்பது வருஷம் இருந்தார். கடைசி வரை எண்ணினேன். நோட்டு நாலு ஆனது. கடைசி நோட்டில் பல பக்கங்களில் பூஜ்யம்தான் இருக்கிறது. ஆனால் அதுவும் எண்ணி எழுதிய பூஜ்யம்.

மலைத் தொழிலாளர்களுக்கு நீங்கள் செய்த சேவைக்கு இப்போது உங்களை மேடைகளில் கூப்பிட்டுப் பாராட்டுகிறார்களாம். போகட்டும், சால்வை போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த மேடையில் மைக் கைக்கு வந்ததும் இதற்குப் பதில் சொல்லுங்கள். எனக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். உங்கள் சீட்டை நூறு பேர் முன்னால் படித்தார்கள், உங்கள் பதிலையும் நூறு பேர் கேட்க வேண்டும். ஃபிட் என்று எழுதினீர்களே, எதை வைத்து அளந்தீர்கள்? எத்தனை தட்டு எண்ணினீர்கள்? பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரே ஓர் அரை நிமிஷம் ஏன் இருந்து பார்க்கவில்லை? சொல்லுங்கள்.